வீட்டுத் தோட்டத்தில் சிறு டிராக்டர் உழவு

15 முதல் 25 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர், பெரிய டிராக்டர் நுழைய முடியாத இடங்களுக்கென்றே வந்தது. கொல்லைப்புற வேலிக்குள், தென்னை வரிசைகளுக்கு இடையில், கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் கிடக்கும் துண்டு நிலத்தில் அது புகுந்து திரும்பும். மகிந்திரா யுவராஜ், வி.எஸ்.டி. சக்தி, குபோட்டா நியோஸ்டார் போன்றவை தமிழ்நாட்டில் கண்ணில் படும் வகைகள். வண்டியின் எடை 600 முதல் 900 கிலோவுக்குள் இருக்கும். பின்னால் மாட்டும் கருவி இன்னும் 100 முதல் 250 கிலோ வரை கூட்டும்.

பத்துச் சென்ட் தோட்டம் ஏறத்தாழ 405 சதுர மீட்டர். மூன்றடி அகல ரோட்டவேட்டர், திரும்பும் நேரத்தையும் சேர்த்து, இதை அரை மணி நேரத்தில் ஒருமுறை ஓட்டி முடித்துவிடும். ஆனால் உழவுக்கு முந்தைய வேலைகளுக்கு இரண்டு நாளாவது பிடிக்கும். வீட்டுத் தோட்ட உழவு கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் பார்ப்பதால்தான். ஆகவே ஓட்டும் முறையைவிட ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை இங்கே விரிவாக வருகின்றன.

## டிராக்டர் வேண்டுமா?

மூன்று சென்ட்டுக்குக் குறைந்த இடத்தில் டிராக்டரை இறக்குவது வீண். திரும்புவதற்கே பாதி இடம் போய்விடும். சக்கரம் மிதித்த மூலைகளைப் பிறகு மண்வெட்டியால் கொத்த வேண்டியிருக்கும். அந்த அளவுக்குக் கையால் தள்ளி ஓட்டும் பவர் வீடரோ இரண்டு ஆள் கொத்தோ போதும். ஐந்து சென்ட்டுக்கு மேல், நீளவாக்கில் அமைந்த இடம்தான் டிராக்டருக்குத் தோது. முடிவெடுக்கும் முன் நாடாவைப் பிடித்து மூன்று அளவுகளைப் பார்த்துவிட வேண்டும்.

- வாசல். சிறு டிராக்டரின் அகலம் மூன்று முதல் நான்கு அடி வரை. கேட்டின் திறப்பு ஐந்தடியாவது இருந்தால்தான் தூணில் உரசாமல் நுழையும். கருவி வண்டியைவிட அகலமாக இருந்தால் கருவியின் அகலமே கணக்கு.
- திருப்பம். டிராக்டரும் கருவியும் சேர்ந்து திரும்ப, நிலத்தின் இரு தலைப்பிலும் 10 முதல் 12 அடி வேண்டும்.
- தலைக்கு மேல். வீட்டுக்கு வரும் மின்கம்பி, துணி காயப்போடும் கம்பி, தாழ்ந்த மாங்கிளை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பாதுகாப்புச் சட்டம் உள்ள வண்டி எதிர்பார்ப்பதைவிட உயரமானது.

ஆண்டுக்கு இரண்டு முறை உழும் தோட்டத்துக்காக டிராக்டர் வாங்கினால் கணக்கு ஒத்துவராது. வேளாண்மைப் பொறியியல் துறை உழவுக் கருவிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். அக்கம்பக்கத்தில் சொந்தமாக வைத்திருப்பவரிடம் கேட்பது இன்னும் சுலபம். வாடகை வண்டி பெரும்பாலும் ஓட்டுநரோடுதான் வரும். அப்போதும் கீழே வரும் படிகள் அப்படியே பொருந்தும். எவ்வளவு ஆழம், எத்தனை ஓட்டு, எந்த எல்லைக்கு அப்பால் போகக் கூடாது என்பதை எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். அடுத்த வயலுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர் சொல்லாததைச் செய்யமாட்டார்.

## எந்தக் கருவி?

வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டே கருவிகள் போதும்.

ஐந்து கொத்துக் கலப்பை. மண்ணைப் புரட்டாது, கீறிப் பெயர்க்கும். கெட்டியான நிலத்தைத் திறப்பதற்கும், அருகம்புல்லின் வேரையும் கோரைக் கிழங்கையும் முழுசாக மேலே இழுத்துப் போடுவதற்கும் இதுவே சரி. ஒன்பது கொத்துக் கலப்பை பெரிய டிராக்டருக்கு உரியது. சிறு வண்டியில் மாட்டினால் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே குழி பறிக்கும்.

ரோட்டவேட்டர். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து விசை வாங்கிச் சுழலும் கத்திகள் மண்ணை வெட்டித் தூளாக்கும். கட்டி உடையும், எரு கலக்கும், மேற்பரப்பு பாத்தி போடத் தயாராகும். சிறு டிராக்டருக்கு மூன்று முதல் நான்கு அடி அகலம் பொருந்தும். பின்சக்கரங்களின் வெளிவிளிம்பைவிட ரோட்டவேட்டர் அகலமாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு ஓட்டிலும் சக்கரத் தடம் கெட்டியாகவே நிற்கும்.

பலரும் கலப்பையை விட்டுவிட்டு நேராக ரோட்டவேட்டரையே கேட்கிறார்கள். ஒரே ஓட்டில் மாவு மாதிரி மண் கிடைப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பயிருக்கு அது அவ்வளவு நல்லதல்ல. முதலாவதாக, கெட்டி மண்ணில் கத்தி இறங்காமல் மேலே துள்ளும். கத்திகள் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழல்வதால் டிராக்டரை முன்னே தள்ளும், வேகம் பிடிபடாது. இரண்டாவதாக, அருகையும் கோரையையும் துண்டு துண்டாக நறுக்கித் தோட்டம் முழுக்க நட்டுவிடும். ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். மூன்றாவதாக, திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில் ஓட்டினால் அதற்குக் கீழே ஒரு கெட்டித் தளம் உருவாகும்; மழைநீர் அங்கே தேங்கி வேர் அழுகும். கலப்பை இரண்டு ஓட்டு, ரோட்டவேட்டர் ஒரே ஓட்டு என்பதே நம்பத் தகுந்த அளவு.

சட்டிக் கலப்பையும் இறக்கைக் கலப்பையும் வயலுக்கு உரியவை. மண்ணை ஒரு பக்கம் புரட்டித் தள்ளுவதால் சிறிய தோட்டத்தில் ஓரங்கள் மேடாகி நடுவில் பள்ளம் விழும். அதைச் சமன்படுத்துவதே தனி வேலையாகிவிடும்.

## பதம் பார்த்தல்

உழவின் பாதி பதத்தில்தான் இருக்கிறது. ஈரம் மிஞ்சிய மண்ணை உழுதால் பாளம் பாளமாகப் பெயர்ந்து, காய்ந்ததும் செங்கல்லாகும். அந்தப் பட்டம் முழுக்க அது உடையாது. ஈரமே இல்லாத மண்ணில் கொத்து இறங்காது, புழுதிதான் பறக்கும்.

1. நிலத்தின் மூன்று இடங்களில் மண்வெட்டியால் அரையடி தோண்ட வேண்டும். மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் சேறாக இருப்பதுண்டு.
2. குழியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும்.
3. விரல் இடுக்கில் ஈரம் கசிந்தால், அல்லது மண் கையில் ஒட்டினால், உழக் கூடாது.
4. உருண்டை நின்றால், இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் பதம் சரி. அப்பளமாகத் தட்டையாகிக் கிடந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும்.
5. உருண்டையே பிடிக்க வராமல் பொடியாக ஒழுகினால், தண்ணீர் கட்டிப் பதம் வரும்வரை விட வேண்டும்.

நல்ல மழைக்குப் பிறகு மணல்சாரி நிலம் மறுநாளே தயாராகிவிடும். செம்மண்ணுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். கரிசலுக்கு வாரம் ஆனாலும் ஆகும். அதன் பதம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கரிசல் தோட்டக்காரர் தினமும் குழியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆடிப்பட்டத்துக்கும் தைப்பட்டத்துக்கும் விதைப்புக்கு மூன்று வாரம் முன்பாக உழுவது நல்லது. இவை தவிர, சித்திரை வைகாசியில் கோடை மழை ஒன்று விழுந்ததும் கலப்பையால் ஒரு ஓட்டு ஓட்டி அப்படியே விட்டுவிடும் கோடை உழவு, செலவுக்கு மேல் பலன் தரும். கோரைக் கிழங்கு வெயிலில் வதங்கும். மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்களும் வேர்ப்புழுக்களும் மேலே வரும். உழவு ஓடும்போதே உண்ணிக்கொக்குகளும் மைனாக்களும் பின்னால் நடந்து வந்து பொறுக்கிவிடும். கோடை உழவில் கட்டிகளை உடைக்க வேண்டியதில்லை, ரோட்டவேட்டரும் வேண்டாம்.

## நிலத்தைத் தயார் செய்தல்

வயலில் இல்லாத ஆபத்துகள் வீட்டுத் தோட்டத்தில் மண்ணுக்கு அடியில் இருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டியின் மூடி, மோட்டார் கேபிள், தண்ணீர்க் குழாய் இவை எங்கே போகின்றன என்பது வீட்டுக்காரருக்கே பல சமயம் நினைவிருக்காது.

1. புதைந்தவற்றைக் குறித்தல். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் பி.வி.சி. குழாயும் கேபிளும் பல வீடுகளில் அரையடி ஆழத்தில்தான் கிடக்கும். போகும் வழியைத் தோண்டிப் பார்த்து, இருபுறமும் இரண்டடி தள்ளி முளையடிக்க வேண்டும். அந்தப் பட்டையைக் கையால்தான் கொத்த வேண்டும். கேபிள் குறுக்கே போனால், உழவு முடியும்வரை மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து வைக்க வேண்டும்.

2. தொட்டிகளை ஒதுக்குதல். செப்டிக் டேங்க், சம்ப், உறிஞ்சுகுழி ஆகியவற்றின் மேல்பலகை மனிதர் நடப்பதற்குப் போடப்பட்டது. முக்கால் டன் டிராக்டரைத் தாங்காது. விளிம்பிலிருந்து ஆறடிக்குள் சக்கரம் வரக் கூடாது. தூர்த்த பழைய குழியும் இதில் சேரும்.

3. கிணற்றுக்கு எல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக் கிணறு இருந்தால் சுற்றிலும் குறைந்தது 15 அடி தள்ளிக் கயிறு கட்ட வேண்டும். மழைக்குப் பின் கிணற்றோர மண் உள்ளே சரியும். டிராக்டரின் அதிர்வே அதற்குப் போதும். வாய்க்கால், பள்ளம் போன்றவற்றின் கரையிலிருந்து அவற்றின் ஆழத்தின் அளவாவது விலகி ஓட்ட வேண்டும்.

4. மரங்களைக் காத்தல். தென்னையின் உணவு உறிஞ்சும் வேர்கள் அடிமரத்திலிருந்து ஆறடிச் சுற்றுக்குள் நெருக்கமாக இருக்கும். அந்த வட்டப் பாத்திக்குள் கருவி போகக் கூடாது. மா, கொய்யா, எலுமிச்சைக்குக் கிளை விரிந்த நிழல் அளவு விட்டுவிடலாம்.

5. குப்பை பொறுக்குதல். புதிதாக வீடு கட்டிய மனையில் இதுவே மிகப் பெரிய வேலை. ஜல்லி, செங்கல் துண்டு, கட்டுக்கம்பி, ஆணி, வெட்டி எறிந்த முறுக்குக்கம்பி எல்லாம் ஓரடி மண்ணுக்குள் புதைந்திருக்கும். கம்பித் துண்டு டயரைக் கிழிக்கும். ரோட்டவேட்டர் கத்தியில் பட்டால் பத்துப் பதினைந்து அடி தூரம் தெறிக்கும். இத்தகைய மனையில் முதல் ஆண்டு கலப்பையை மட்டும் ஓட்டி, மேலே வருவதைப் பொறுக்கி, மறுபடி ஓட்டிப் பொறுக்குவதே சரி. ரோட்டவேட்டர் அடுத்த ஆண்டுக்கு.

6. சுற்றிக்கொள்பவை. சொட்டுநீர்க் குழாய், தேங்காய்நார்க் கயிறு, பழைய சேலைத் துணி, தென்னம் பன்னாடை, பிளாஸ்டிக் சாக்கு எதுவும் விட்டுவைக்கக் கூடாது. ரோட்டவேட்டர் தண்டில் சுற்றினால் அறுத்தெடுக்க ஒரு மணி நேரமாகும்.

7. புதரை வெட்டுதல். முழங்காலுக்கு மேல் வளர்ந்த களையை அறுத்து ஓரத்தில் குவிக்க வேண்டும். முதலில் நீண்ட கழியால் தட்டிச் சத்தம் எழுப்பிவிட்டுக் கை வைப்பது நல்லது. பாம்புக்கு விலக வழி கிடைக்கும். விதை கட்டிய களையை மண்ணோடு சேர்த்து உழக் கூடாது.

குறிப்பு: முளைகளில் சிவப்புத் துணி கட்டினால் இருக்கையிலிருந்து பார்க்கும்போது பச்சையிலிருந்து பிரிந்து தெரியும். சுண்ணாம்புப் பொடிக் கோடு முதல் ஓட்டிலேயே அழிந்துவிடும்.

## கலப்பையை மாட்டுதல்

கருவியை மாட்டும்போது கை நசுங்குவதுதான் அதிகம் நேரும் காயம். ஒருவர் வண்டியில் இருக்க, மற்றவர் பின்னால் நின்று கைகாட்டும் வழக்கத்தில், பின்னால் நிற்பவர் டயருக்கும் கலப்பைக்கும் நடுவில் நிற்கவே கூடாது.

1. கலப்பையைச் சமதரையில் வைத்து, டிராக்டரை நேராகப் பின்னால் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினை அணைக்க வேண்டும்.
2. முதலில் டிராக்டரின் இடது கீழ்க்கையைக் கலப்பையின் இடது முளையில் கோத்துப் பின் போட வேண்டும். அடுத்தது வலது கீழ்க்கை. அதன் உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் வசதி இருப்பதால் துளையைப் பொருத்துவது எளிது. கடைசியாக மேலே டாப் லிங்க். கழற்றும்போது வரிசை தலைகீழ்.
3. ஒவ்வொரு பின்னிலும் பூட்டுக் கொக்கி விழுந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பூட்டுக் கொக்கிக்குப் பதிலாகக் கம்பியை முறுக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கம்பி அறுந்தால் ஓடும் வண்டியில் கருவி ஒரு பக்கம் தொங்கும்.
4. கருவியைத் தரைக்கு மேல் சற்றுத் தூக்கி, பின்னாலிருந்து பார்த்து இடவல மட்டத்தை வலது கையின் திருகாலும், பக்கத்திலிருந்து பார்த்து முன்பின் மட்டத்தை டாப் லிங்க்காலும் சரிசெய்ய வேண்டும். டாப் லிங்க்கைக் குறுக்கினால் கொத்தின் மூக்கு தாழ்ந்து வேகமாக இறங்கும். நீட்டினால் கலப்பை பின்பக்கம் சாய்ந்து மண்ணைப் பிடிக்காது.
5. பக்கச் சங்கிலிகளைக் கலப்பைக்குக் கொஞ்சம் தளர்வாகவும் ரோட்டவேட்டருக்கு இறுக்கமாகவும் வைக்க வேண்டும்.

ரோட்டவேட்டரானால் பி.டி.ஓ. தண்டையும் மாட்ட வேண்டும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் அதிர்வு கிளம்பும். முனைப் பூட்டு ‘டக்’ என்று விழுந்தபின் இழுத்துப் பார்க்க வேண்டும். கருவியை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தால், தண்டு எங்காவது முட்டுகிறதா, ஒன்றுக்குள் ஒன்று போகும் குழல்கள் கழன்று வரும் அளவு நீள்கிறதா என்று தெரிந்துவிடும். பிளாஸ்டிக் உறை இல்லாத தண்டை ஓட்டக் கூடாது. உறை உடைந்துபோன வாடகை ரோட்டவேட்டர்கள் ஏராளம். மாற்றிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

## உழும் வரிசை

முதல் ஓட்டு: கலப்பை, நீளவாக்கில்

1. இரு தலைப்பிலும் 10 முதல் 12 அடி அளந்து குறுக்கே கயிறு கட்ட வேண்டும். திரும்புவதற்கான இந்தப் பகுதி கடைசியில்தான் உழப்படும்.
2. கேட்டுக்கு எதிர்ப்புறம் உள்ள நீள ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் வேலை கேட்டை நோக்கி நகரும்; உழுத மண்ணை மிதித்துக்கொண்டு வெளியேற வேண்டியிருக்காது.
3. சாலின் மறுமுனையில் ஒரு கழியை நட்டு அதையே பார்த்து ஓட்ட வேண்டும். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்து ஓட்டினால் சால் பாம்பாக வளையும்.
4. லோ கியரில் முதல் அல்லது இரண்டாம் கியர். வண்டி நகரத் தொடங்கிய பிறகே கலப்பையை இறக்க வேண்டும். நிற்கும்போது முழு ஆழத்துக்கு இறக்கினால் எஞ்சின் மூச்சுத் திணறும்.
5. கெட்டி நிலத்தில் முதல் ஓட்டு மூன்று அங்குலம் போதும்.
6. தலைப்புக் கயிற்றை எட்டியதும் கலப்பையை முழுவதும் தூக்கி, பிறகே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். கொத்து மண்ணுக்குள் இருக்கையில் திருப்பினால் கம்பி வளையும். ரிவர்ஸ் எடுத்தால் முறியும்.
7. அடுத்த சாலை ஒட்டியே எடுக்காமல் ஒரு பட்டை விட்டு எடுத்தால் திரும்புவது எளிது. விட்ட பட்டைகளைத் திரும்பி வரும்போது உழலாம். சாலுக்குச் சால் மூன்று நான்கு அங்குலம் மேலேறி வர வேண்டும். இடையில் உழாத கோடு நின்றால் களை அங்கிருந்துதான் கிளம்பும்.

இரண்டாம் ஓட்டு: கலப்பை, குறுக்காக

முதல் ஓட்டில் மேலே வந்த அருகையும் கோரையையும் இரும்பு வாரியால் வாரி வெளியே எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் காயவிட்டுக் குறுக்கு உழவு ஓட்டுவது நல்லது. ஆழம் ஐந்து முதல் ஆறு அங்குலம். குறுகலான தோட்டத்தில் குறுக்கே ஓட்ட இடமில்லையென்றால் கோணவாக்கில் ஓட்டலாம். அதுவும் முடியாவிட்டால் முதல் ஓட்டின் சால்களுக்கு நடுவில் கொத்து விழும்படி நீளவாக்கிலேயே ஓட்ட வேண்டும்.

பின்சக்கரம் ஒன்று வழுக்கினால் டிஃபரன்ஷியல் லாக்கை மிதிக்கலாம். அது நேராகப் போகும்போது மட்டுமே. திரும்பும்முன் விட்டுவிட வேண்டும். இடது வலது பிரேக்குகளைத் தனித்தனியாக மிதித்துத் திரும்பும் வசதி தோட்டத்துக்குள் உதவும். ஆனால் தெருவில் இறங்கும்முன் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டாத பிரேக்கோடு ரோட்டில் வேகமாகப் போகையில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி கவிழும்.

எரு போடுதல்

கடைசி ஓட்டுக்கு முன் மக்கிய தொழு உரம். காய்கறிக்குப் பரிந்துரைக்கப்படும் ஹெக்டேருக்கு 25 டன் என்ற அளவு, சென்ட்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ ஆகிறது. பத்துச் சென்ட்டுக்கு ஒரு டன். கூறு கூறாகக் கொட்டி, உழவன்றே பரப்ப வேண்டும். வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் சத்து போய்விடும். மக்காத சாணம் கரையானை இழுக்கும். தென்னந்தோப்புப் பக்கத்தில் காண்டாமிருக வண்டின் புழுக்களையும் கொண்டுவந்து சேர்க்கும்.

மூன்றாம் ஓட்டு: ரோட்டவேட்டர்

1. இரு பக்கத்துச் சறுக்குத் தகடுகளை நான்கு அல்லது ஐந்து அங்குல ஆழத்துக்கு ஒரே அளவில் பொருத்த வேண்டும்.
2. ஹைட்ராலிக்கைப் பொசிஷன் கண்ட்ரோலில் வைத்து, கருவியைத் தரைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்த நிலையில், எஞ்சின் வேகம் குறைவாக இருக்கும்போதே பி.டி.ஓ.வைச் சேர்க்க வேண்டும். பிறகுதான் ஆக்சிலேட்டரைக் கூட்டி, மீட்டரில் 540 குறியிட்ட இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.
3. வண்டி மெல்ல நகர, கருவியை மெல்ல இறக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிதானமாக நடந்து வந்தால் ஈடுகொடுக்கும் வேகமே போதும். வேகம் கூடினால் கட்டி பெரிதாக விழும். மிகவும் குறைந்தால் மண் புழுதியாகும்.
4. பின்மூடியைச் சற்றுத் தூக்கி வைத்தால் கட்டி பெரிதாக நிற்கும், இறக்கினால் பொடியும். கடலை அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை கலந்து கிடப்பதே நல்ல பாத்திக்கு அடையாளம். கீரைக்கும் நாற்றங்காலுக்கும் மட்டும் இன்னும் பொடி வேண்டும். அதைக் கைவாரியால் செய்துகொள்ளலாம்.
5. தலைப்பில் கருவியைத் தரை விட்டு எழும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். முழு உயரத்துக்குத் தூக்கினால் தண்டின் மூட்டு கூர்மையாக மடங்கிச் சிலுவை உடையும். நெருக்கித் திரும்ப வேண்டியிருந்தால் பி.டி.ஓ.வை அணைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.
6. உள்பகுதி முடிந்ததும் தூரத்துத் தலைப்பையும், கடைசியாகக் கேட் பக்கத் தலைப்பையும் ஓட்டி வெளியேற வேண்டும்.

சுவரோரத்து ஒன்றரை அடியைக் கருவியால் தொட நினைக்கக் கூடாது. ரோட்டவேட்டரின் சங்கிலிப் பெட்டி வெளியே நீண்டிருக்கும். சுவரில் உரசி ஓடு உடைந்தால் எண்ணெய் ஒழுகும். அந்த ஓரம் மண்வெட்டிக்கு உரியது.

## அடிக்கடி நேரும் தவறுகள்

கலப்பை இறங்கவில்லை என்று ஆளை ஏற்றுதல். கலப்பைச் சட்டத்தின் மேல் ஒருவரை நிற்கவைத்து எடை கூட்டுவது பல இடங்களில் நடக்கிறது. விழுந்தால் கொத்துக்கு அடியில்தான் விழுவார். இறங்காததற்குக் காரணம் பதமோ, தேய்ந்த கொத்து முனையோ, நீண்ட டாப் லிங்க்கோ. இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

முதல் முறையே ஆழம் தேடுதல். சக்கரம் வழுக்கும், டீசல் கரையும், அடியிலுள்ள சத்தில்லாத மண் மேலே வரும்.

சிக்கிய வண்டியைத் தவறாக இழுத்தல். சேற்றில் புதைந்த டிராக்டரின் பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டு ஏற்ற முயல்வது, கயிற்றைப் பின் அச்சிலோ டாப் லிங்க்கிலோ கட்டிப் பாரம் இழுப்பது ஆகிய இரண்டிலும் முன்பக்கம் எழும்பி வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழக்கூடும். ஓரிரு நொடிகளில் நடந்துவிடும், குதிக்க நேரமிருக்காது. கருவியைக் கழற்றிவிட்டு, முன்னாலிருந்து இன்னொரு வண்டியால் இழுப்பதே வழி. எதையும் இழுக்கக் கீழே உள்ள கொக்கியை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

அடித்தளத்தை மறத்தல். நான்கைந்து பட்டம் ரோட்டவேட்டர் ஓடிய தோட்டத்தில், ஈர மண்ணில் இரண்டடி இரும்புக் கம்பியைக் குத்திப் பார்க்க வேண்டும். ஐந்தாறு அங்குலத்தில் தடுத்து நின்றால் கெட்டித் தளம் விழுந்துவிட்டது. அதை உடைக்கும் உளிக் கலப்பையைச் சிறு டிராக்டர் இழுக்காது. பெரிய வண்டி நுழையாத தோட்டத்தில், செடி நடும் வரிசையை மட்டும் கடப்பாரையால் ஓரடி ஆழம் நெம்பிவிடுவதுதான் வழி.

## பாதுகாப்பு

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுழல்கிறது. துணியின் நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ளும் அவகாசமே கிடையாது. தமிழ்நாட்டு வேலை உடைகளில் பெரும்பாலானவை இதற்கு ஏற்றவையல்ல: தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டி, லுங்கி, சேலை முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த பின்னல். ஓட்டுபவர் மட்டுமல்ல, எரு வாரிப் போட வந்தவரும் உடம்போடு ஒட்டிய உடையில் இருக்க வேண்டும். காலில் செருப்புக்குப் பதில் ஷூ.

- ஓடும் தண்டைத் தாண்டக் கூடாது. சுற்றிப் போகும் பத்தடியை மிச்சம் பிடிக்கத் தாண்டியவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.
- மட்கார்டு மேல் யாரும் உட்காரக் கூடாது. பேரப்பிள்ளையை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டும் ஆசைக்கு இங்கே இடமில்லை. குழந்தைகள், நாய், கோழி எல்லாம் வேலை முடியும்வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும்.
- கத்தியில் ஏதாவது சுற்றிக்கொண்டால்: பி.டி.ஓ.வை விலக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, சுழற்சி முழுதாக நின்ற பிறகே அருகில் போக வேண்டும்.
- தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் ஹைட்ராலிக்கை நம்பிக் கை வைக்கக் கூடாது. எண்ணெய் கசிந்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும்.
- சரிவுக்குக் குறுக்கே உழுவது மண்ணுக்கு நல்லது. ஆனால் வண்டி ஒருபக்கம் சாய்வது இருக்கையில் உணரும் அளவுக்குச் சரிவு இருந்தால் அங்கே டிராக்டர் வேண்டாம்.
- பாதுகாப்புச் சட்டம் உள்ள வண்டியில் சீட் பெல்ட் போட வேண்டும். சட்டம் இல்லாத வண்டியிலோ, மடக்கி வைத்த நிலையிலோ பெல்ட் போடக் கூடாது.
- சூடான எஞ்சினில் டீசல் ஊற்றக் கூடாது. ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் சத்தம் காதைத் துளைக்கும். காதடைப்பான் போடுவது நல்லது. புழுதி கிளம்பினால் மூக்குக்குத் துணி கட்டலாம், நுனியை உள்ளே செருகிவிட்டு.

## உழவு முடிந்த பிறகு

அன்றே பரம்புப் பலகையாலோ இரும்பு வாரியாலோ மேடுபள்ளத்தைச் சமன் செய்ய வேண்டும். மறுநாள் வெயில் ஏறியபின் கட்டி கடினப்பட்டுவிடும். செம்மண்ணில் இது இன்னும் அவசரம்.

உழுத கையோடு விதைக்கக் கூடாது. லேசாகத் தண்ணீர் விட்டு ஏழு முதல் பத்து நாள் பொறுத்தால், மேல்மண்ணில் கிடந்த களை விதைகள் ஒருசேர முளைத்துவிடும். அவற்றைக் களைக்கொத்தால் ஓரங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிட்டால் பிறகு வரும் களை பாதியாகக் குறையும். இந்தக் கட்டத்தில் மறுபடி ரோட்டவேட்டர் ஓட்டினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து வேலை முதலிலிருந்து தொடங்கும். பார், மேட்டுப்பாத்தி, வாய்க்கால் எல்லாம் இதற்குப் பிறகு.

கருவியைக் கழற்றும்முன் ஒட்டிய மண்ணைக் கழுவி, கத்தி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்க வேண்டும். சரளை கலந்த செம்மண்ணில் கத்தி விரைவில் தேயும். மாற்றும்போது ஒரு பக்கத்தில் மட்டும் மாற்றினால் தண்டு ஆடும், ஜோடியாகவே மாற்ற வேண்டும். கிரீஸ் நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடித்து, கத்திகளில் பழைய எஞ்சின் ஆயில் தடவி, பலகை மேல் தரையோடு இறக்கி வைக்க வேண்டும். டிராக்டரில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். கோடை உழவுக்குப் பிறகு அதில் சேர்ந்திருக்கும் புழுதியை அன்றே சுத்தம் செய்யாவிட்டால், அடுத்த முறை எஞ்சின் கறுப்புப் புகை விடும்.